பின் சீட்டுக்கு நாலு விரல்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. நீ கவலைப்படாதே, நானும் படவில்லை. நீயும் அத்தானும் நலமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோன் செய்தால் அத்தான் ஸ்பீக்கரில் போடுகிறார். போன தடவை என் வயிற்றுக் கோளாறுக்கு, அவர் வேலை பார்க்கிற எடை மேடையில் லாரியை நிறுத்திவிட்டு நின்ற டிரைவர்கள் இரண்டு பேர் வைத்தியம் சொன்னார்கள். இந்த விஷயத்தில் எனக்கு எந்த டிரைவருடைய யோசனையும் வேண்டாம்.

விஷயம் இதுதான். மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன். பழசுதான், ஆனால் முரட்டு வண்டி. உங்கள் ஊரோடு தார் ரோடு முடிகிறது அல்லவா? அதற்கப்பால் கல் காடு, வறண்ட ஆறு, அதையும் தாண்டினால் உப்புச் சமவெளி. அந்த உப்பு வரைக்கும் தன்னந்தனியாகப் போய் வரப்போகிறேன். ஊரார் வாய்க்குப் பல் செட் செய்தே ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. இனியாவது லேபுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்கலாம் என்று ஆசை.

வேலை ஆரம்பித்தாயிற்று. எங்கள் தெரு மெக்கானிக் ஒருவன் இருக்கிறான், ஸ்பேனர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு அடித்துவிட்டான். கைப்பிடிக்குக் காப்பு, ஹெட்லைட்டுக்கு வலை, டயருக்குப் பெரிய பெரிய பற்கள். டயருக்கே பல் கட்டியவன் நான் என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். லாரித் தார்ப்பாயும் கூடாரமும் தைக்கிற உன் கையால் வண்டிக்கு இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி இரண்டு பைகள். கிழியக் கூடாது, நனையக் கூடாது.

அன்புத் தம்பி,
சுருட்டை
(முடி போனாலும் பெயர் போகவில்லை பார்.)

பிப்ரவரி 20

அன்புள்ள சுருட்டைக்கு,

இங்கே நாங்கள் நலம். முழங்கால் மாடிப்படியில்தான் மக்கர் செய்கிறது, தையல் மெஷினில் ஒழுங்காக இருக்கிறது. மாத்திரையை வேளாவேளைக்குப் போடு.

கடிதம் எழுதினால் அத்தானுக்குத் தெரியாது என்று நினைத்தாய் பார், உன் புத்திசாலித்தனத்தை மெச்சுகிறேன். என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்தார். படித்துவிட்டு, "மொத்தம் எவ்வளவு வெயிட் வரும்னு கேளு"ன்னார். எடை மேடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு உலகத்தில் வேறு கேள்வியே தோன்றாது.

பை தைக்கிறேன். அளவு அனுப்பு. அப்படியே பின் சீட்டின் நீளமும் எழுது. பஞ்சு நன்றாக இருக்கிறதா, அமுங்கிப் போய்விட்டதா? பின்னால் உட்கார்கிறவர் கால் வைக்கக் கம்பி இரண்டு பக்கமும் இருக்கிறதா? பைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று குறுக்குக் கேள்வி கேட்காதே.

அந்த உப்புச் சமவெளியை ஒரு தடவை போட்டோவில் பார்த்திருக்கிறேன். கூடாரம் தைக்கக் கொடுத்த ஒரு பெண் காட்டினாள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை, ஒரு கோடு கூடக் கிடையாது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு தார்ப்பாயைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தேன்.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தானிடம் சொல், எடையெல்லாம் ஒரு விஷயமே இல்லை, என்ஜின் இழுக்கும்.

பெரிய பெட்ரோல் டேங்க் மாட்டியாயிற்று. என்ஜினைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. மண்வெட்டி ஒன்று. சக்கரம் மணலில் புதைந்தால் தோண்ட வேண்டுமே. சங்கிலி அறுந்தால் மாற்றச் சங்கிலி, அந்தச் சங்கிலியும் அறுந்தால் இன்னொன்று. ஸ்பேனர் என்னைப் பார்த்து, "சார், நீங்க போறீங்களா, கடை மாத்துறீங்களா?"ன்னு கேட்கிறான். அவனுக்குத் தொலைநோக்கு போதாது.

அளவு கேட்டாய். இன்ச் டேப்பை வைத்து அளந்து எழுதினால் அது உன் தொழிலுக்குச் சரி. என் தொழிலில் அப்படிச் செய்தால் பல் செட் வாயில் நிற்காது. அதனால் வண்டியின் வலது பக்கத்துக்குப் பிளாஸ்டர் பூசி, காய்ந்ததும் அப்படியே அச்சு எடுத்துவிட்டேன். சைலன்சர் எங்கே புடைக்கிறது, கம்பி எங்கே வளைகிறது, மயிரிழை பிசகாமல் அதில் இருக்கும். பார்சலில் வருகிறது. அதற்கு ஒட்டினாற்போலப் பையைத் தை.

சுருட்டை

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பார்சல் கொண்டுவந்த ஆள்தான் நலமில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்.

உன் அச்சு துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. கூடத்தில் பரப்பி இரண்டு நாள் ஒட்டவைத்தோம். அத்தான் விடவில்லை, எடை மேடைக்கு எடுத்துப்போய் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து, "உன் தம்பி வண்டியை அனுப்பிட்டு அச்சை ஓட்டியிருக்கலாம்"ன்னார். அந்த மனிதர் சிரிப்பது அபூர்வம். மூன்று நாள் சிரித்தார்.

பைகள் இதோடு வருகின்றன. வலது பக்கப் பையை அச்சின் மேடு பள்ளத்துக்கெல்லாம் அணைவாகத் தைத்திருக்கிறேன். பள்ளம் வந்த இடத்தில் உள்ளே போய் உட்காருகிற மாதிரி ஒரு தொப்பை வைத்திருக்கிறேன், கூடுதலாகச் சாமான் கொள்ளும். இரண்டு பைகளும் முன்பக்கம் நாலு விரல் குட்டையாக இருக்கும். அது வேண்டுமென்றே செய்தது. பின் சீட்டில் உட்கார்கிறவருக்கு முழங்கால் இடிக்காமல் இருக்க வேண்டாமா?

பின் சீட் நீளம் நீ எழுதவில்லை. ஒருவேளை மறந்திருப்பாய்.

கடைக்கு வந்த டிரைவர் ஒருவரிடம் ஹெல்மெட் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். காது அமுங்குகிறது. எல்லோருக்கும் அப்படித்தான் அமுங்குமா?

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பைகளைப் பார்த்து ஸ்பேனர் வாயைப் பிளந்துவிட்டான். உன் கைவேலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் எழுப்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

தப்பு என் மேல்தான். வாயில் எடுக்கிற அச்சில் பல் இருக்கிற இடம் பள்ளமாக இருக்கும். அதில் மறுபடி பிளாஸ்டர் ஊற்றி எடுத்தால்தான் பல் பல்லாகத் தெரியும். ஊற்றி எடுத்ததை அனுப்பாமல், அவசரத்தில் பள்ளத்தையே உனக்கு அனுப்பித் தொலைத்துவிட்டேன். சைலன்சருக்காகப் பை உள்வாங்க வேண்டிய இடத்தில் நீ வைத்த தொப்பை நேராகச் சைலன்சர் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. தெருமுனை போவதற்குள் புகை. என் மாற்று வேட்டி போயிற்று. பையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், தொப்பையை மட்டும் குறைத்துக் கொடு.

முன்பக்கம் நாலு விரல் குட்டை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பின் சீட்டையே கழற்றிவிட்டேன் அக்கா. அந்த இடத்தில் இரும்புக் கேரியர் வைத்து மேலே பெரிய தகரப் பெட்டியை முடுக்கியிருக்கிறேன். பெட்டிக்குக் கால் கிடையாது. ஆகவே அந்த நாலு விரலையும் சேர்த்து நீட்டிவிடு.

அடுத்த மாதம் பத்தாம் தேதி புறப்படுகிறேன். இது உறுதி.

சுருட்டை

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

உனக்குச் சூசகமாகச் சொன்னால் ஏறாது என்பது சின்ன வயதிலிருந்து தெரிந்தும் நான் சூசகமாகச் சொன்னது என் முட்டாள்தனம். இப்போது பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன். நானும் வருகிறேன். உன் வண்டியில், பின் சீட்டில், உப்பு வரைக்கும்.

முப்பது வருடமாகத் தார் ரோடு முடிகிற ஊரில் உட்கார்ந்து, அதற்கப்பால் போகிறவர்களுக்கெல்லாம் கூடாரமும் பையும் தைத்துக் கொடுக்கிறேன். என் தையல் அந்த உப்பைப் பார்த்துவிட்டு வந்து, கிழிந்து, மறுபடி என் மெஷினுக்கே வருகிறது. துணி மடிப்பிலிருந்து உப்பு கொட்டும். பெருக்கி வெளியே போடுவேன். நான் மட்டும் தார் ரோட்டைத் தாண்டியது கிடையாது. யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை, அவ்வளவுதான்.

அத்தானிடம் சொல்லிவிட்டேன். "முழங்கால்?"ன்னார். "அது என்னோடதுதானே, கூட வரும்"ன்னேன்.

பையில் தொப்பையைக் குறைத்துவிட்டேன். நாலு விரலை நீட்டவில்லை. நீட்டவும் மாட்டேன். பதில் எழுது.

அக்கா
(நலமா?)

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. லேபில் வேலை நெருக்கியது. ஊரில் திடீரென்று எல்லோருக்கும் பல் விழுகிறது.

பத்தாம் தேதி புறப்பட முடியவில்லை. விளக்குகள் இன்னும் இரண்டு போட வேண்டியிருந்தது. அப்புறம் ஹாரன். பிறகு தண்ணீருக்கு ஒரு தனி டேங்க் போட்டால் நல்லது என்று தோன்றியது. ஸ்டாண்டின் அடியில் தகடு வைத்து அகலமாக்கினோம், கொஞ்சம் சாய்கிறது.

நீ எழுதியிருந்த அந்த விஷயம். அக்கா, இது விளையாட்டில்லை. கல் காடு. தகரப் பெட்டியில் மருந்து, அடுப்பு, உதிரிப் பாகம் எல்லாம் இருக்கிறது, அதை எங்கே வைப்பேன்? போதாததற்கு வண்டி ஏற்கெனவே ஒரு மாதிரி எடை. இன்னொரு ஆள் ஏறினால் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். நீ கனம் என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம் உன்னைப் பஸ்ஸில் எங்காவது அழைத்துப் போகிறேன். அத்தான் நலமா? முழங்கால்?

சுருட்டை

ஜூன் 8

தம்பிக்கு,

நலம். அத்தான் நலம். முழங்கால் நலம். பஸ் எங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறது.

அக்கா

ஜூலை 15

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

மெக்கானிக் எழுதுவது. சார் ஸ்பேனர் என்று எழுதியிருப்பார். சார் நலமாக இருக்கிறார், வலது கையைத் தவிர. மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. கட்டைப் போட்டவரிடமே பிளாஸ்டர் இளக்கமாகக் கலந்திருக்கிறது என்று சண்டை பிடித்தார்.

நடந்ததை உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த வண்டி இதுவரை எங்கள் தெருமுனையைத் தாண்டவில்லை. மே மாதம் பத்தாம் தேதி ஜாக்கெட், பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். தெருவே வழியனுப்ப நின்றது. திருப்பத்தில் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். அதற்கப்புறம் இரண்டு தடவை அதே இடம். மூன்றாவது தடவைதான் கை. ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் கடைக்கு வந்து இன்னொரு சாமான் மாட்டச் சொல்வார். எனக்குத் தொழில்தான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். எடுத்து எடுத்துப் படிக்கிறார். அதில் படிக்க ஒன்றுமே இல்லை என்று நான் பார்த்தேன். "அதான்டா படிக்கிறேன்"ன்னார்.

இப்படிக்கு,
மெக்கானிக்

ஜூலை 24

அன்புள்ள சுருட்டைக்கு,

கை எப்படி இருக்கிறது? அரிக்கிறது என்று கட்டுக்குள் குச்சியை விட்டுக் குடையாதே. நீ குடைவாய். எனக்குத் தெரியும்.

ஸ்பேனரைத் திட்டாதே. திட்டினால் உன் லேபுக்கு நேரில் வந்து நிற்பேன், பஸ்ஸில்.

உன் கடிதங்களை எல்லாம் அத்தான் எடுத்து வைத்துக்கொண்டு, நீ மாட்டிய சாமான்களுக்கு ஒவ்வொன்றாக எடை போட்டார். பாதியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் தம்பி லாரிக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கானா?"ன்னார். பிறகு அவரே சொன்னது: தகரப் பெட்டி, தண்ணீர் டேங்க், இரண்டாவது சங்கிலி, விளக்குகள், ஹாரன் எல்லாம் போனால், அந்த எடைக்குள் நான் தாராளமாக அடங்குவேனாம். என் எடை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, இந்த வயதில்.

விழுவதைப் பற்றி. வண்டி என்றால் விழும். கல் காட்டில் இன்னும் நன்றாக விழும். அங்கே உன் தெருவிலிருந்து நாலு பேர் வரமாட்டார்கள். நீ மாட்டிய ஒரு சாமானாவது கீழே இறங்கி வண்டியைத் தூக்குமா? நான் தூக்குவேன். தார்ப்பாய்ச் சுருட்டைத் தோளில் போட்டு லாரி மேல் ஏற்றுகிறவள் நான்.

கூட்டிப்போகப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல். தாங்கிக்கொள்வேன். எடையைக் காரணம் காட்டாதே.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். குடைந்தேன்தான். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிடிக்காமல் இல்லை. பயம். கிளம்புகிற நாள் நெருங்க நெருங்க ஸ்பேனர் கடைக்கு ஓடுவேன். ஒரு சாமான் மாட்டினால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம், அதனால் மாட்டிக்கொண்டே இருந்தேன். தெருவுக்கெல்லாம் பெருமை அடித்துவிட்டதால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நீ வருகிறேன் என்றதும் பயம் இரட்டிப்பாகிவிட்டது. என்னை நான் கீழே போட்டுக்கொள்ளலாம், உன்னைப் போட்டால் அத்தான் முகத்தில் எப்படி விழிப்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரும் நானும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பின் சீட்டைத் திரும்ப மாட்டினோம். வண்டி எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. அவனைப் பின்னால் உட்காரவைத்துத் திருப்பத்தைத் தாண்டினேன். தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டோம், அவன் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்ததை மறந்து.

அக்கா, எனக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை. நீ என்னோடு வருவாயா? இதை நீ கேட்ட அன்றே நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாதக் கடைசியில் உங்கள் வீட்டு வாசலில் இருப்பேன்.

சுருட்டை

அக்டோபர் 6

வீட்டுக்காரருக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை, பிரிந்திருந்தால்தானே. அதனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இப்படி எழுதிவிட்டேன். சிரிக்காதீர்கள். நலமா? ராத்திரி அடுப்பை அணைத்தீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள்.

நான் நலம். உட்காருகிற இடம் மட்டும் யாரோ கடன் கொடுத்தது போல இருக்கிறது. முதல் நாள் மூன்று தடவை விழுந்தோம், நேற்று ஒரு தடவை. விழுந்ததும் சுருட்டை "அக்கா, அக்கா"ன்னு அலறுகிறான். நான் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "கத்தாதே, பிடி"ன்னு சொல்வேன். இரண்டு பேரும் சேர்ந்தால் வண்டி எழுந்துவிடுகிறது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிறோம். இவனோடு கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன் என்று ஞாபகமே இல்லை.

வறண்ட ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். இனி உப்பு வரை ஒன்றும் கிடையாதாம். தபாலும் இங்கேதான் கொடுக்க வேண்டும், லாரியில் போட்டு அனுப்புவார்கள். பெட்ரோல் போடுகிற பெண் என் வயதுதான் இருப்பாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க போறீங்க?"ன்னு கேட்டாள்.

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அளவு எடுக்கும்போது நான் கேட்கிற கேள்வி அது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சுருட்டை பெரிய மனிதன் மாதிரி, "நாங்க வந்து..."ன்னு ஆரம்பித்தான். அவன் முதுகில் ஒன்று வைத்தேன். "சும்மா இருடா, என்னைத்தான் கேட்டாங்க"ன்னேன்.

அப்புறம் நானே சொன்னேன். பம்பு சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை, திரும்பவும் கேட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை சொன்னேன்.

உங்கள்,
நான்தான்